சொன்னது நடக்கிற வீடு

பழைய நாற்காலிகளைப் பழுது பார்க்கிற நாற்காலிக்காரன் அந்த நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். மாற்றம் ஒன்றும் இல்லை. உட்காரும் பலகையையும் அதன் கீழே இருக்கும் இரும்புத் தகட்டையும் நான்கு போல்ட்டுகள் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பின்பக்கத்து இரண்டும் பலகையைப் பிய்த்துக்கொண்டு தொங்கின, சுற்றிலும் மரத்தூள் சிந்திக் கிடந்தது. முன்பக்கத்து இரண்டையும் காணவே காணோம். முறிந்திருந்தால் பாதித் துண்டாவது ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். நாள்பட அதிர்ந்து தானாகக் கழன்றிருந்தால் மரை வரிகள் தேய்ந்து கறுப்புத் தூள் படிந்திருக்கும். இந்த ஓட்டைகளோ காலையில் பல் விளக்கிய வாய் மாதிரி சுத்தமாக இருந்தன. யாரோ ஸ்பானர் போட்டு, நிதானமாக, அவசரமே படாமல் கழற்றியிருக்கிறார்கள்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அது அவனுடைய அக்காவின் வீடு. கூடத்தில் பாதியைத் தையல் மெஷினும் திரைச்சீலைத் துணி மூட்டைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. அக்கா கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். ஏதோ ஒரு அலுவலகம் தூக்கிப் போட்ட நாற்காலியை எடுத்து வந்து, புதுச் சக்கரம் போட்டு, பஞ்சு மாற்றி, அவளுக்கு இடுப்பு வலிக்கக் கூடாதென்று இவன்தான் செய்து கொடுத்தான். முந்தாநாள் சாயங்காலம் அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்து சோம்பல் முறித்திருக்கிறாள். நாற்காலி அப்படியே வாயைப் பிளந்து அவளைப் பின்னால் கவிழ்த்துவிட்டது. இடுப்பெலும்பில் விரிசல், மணிக்கட்டில் முறிவு. செய்தி வந்த நிமிடத்திலிருந்து அவன் மனதில் ஒரே வேண்டுதல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடவுளே, என் வேலையில்தான் கோளாறு இருக்க வேண்டும். இப்படி வேண்டிக்கொண்ட மெக்கானிக் உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். ஏனென்றால் கோளாறு நாற்காலியில் இல்லையென்றால் மிளகிடம் இருக்கிறது என்று ஆகிவிடும்.

மிளகு அவனுடைய ஒரே மகள். ஐந்தாம் வகுப்பு. குட்டியாக, கறுப்பாக, கடித்தால் காரமாக இருப்பாள் என்று அவன் வைத்த செல்லப் பெயர் அது. போன ஞாயிற்றுக்கிழமை இதே கூடத்தில்தான் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரியும் இருந்தாள். பேச்சு வழக்கம்போல மிளகின் அம்மாவுடைய பலிக்கிற நாக்கின் பக்கம் திரும்பியது. அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

"இவளுக்கு அவங்கம்மா நாக்கு வரலடா தம்பி. உன் கைதான் வந்திருக்கு. சும்மா ஸ்பானர் கேஸு."

எல்லோரும் சிரித்தார்கள். மிளகு தட்டைத் தள்ளி வைத்தாள். அத்தையை நேராகப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க உக்கார்ற எடத்துலேருந்து விழப்போறீங்க."

முதலில் கைதட்டியது யார் தெரியுமா? இவன்தான். "பாத்தியா, பாத்தியா! ரத்தம் பேசுது!" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். இப்போது அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மிளகின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் வேலை பார்க்கிறவள், அதிர்ந்து பேச மாட்டாள். ஆனால் ஒன்று சொன்னால் அது நடந்துவிடும். கண்ணாடி டம்ளரைப் பார்த்து "இது இன்னைக்குப் போயிடும்" என்பாள், சாயங்காலத்துக்குள் அது யார் கையிலாவது விரிசல்விட்டு இரண்டாகும். அவள் அண்ணன் புது வண்டி வாங்கிக் கொண்டுவந்து காட்டியபோது "திரும்பிப் போறப்போ நடுவழியில நிக்கும்" என்றாள், நின்றது. அவளுடைய அம்மா இன்னும் பெரிய ஆளாம், அந்தம்மா வாயைத் திறந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளுமாம். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள் இவளைச் சூனியக்காரி என்று பாதி விளையாட்டாகவும் பாதி பயந்தும் சொன்னார்கள். பெண்டாட்டியைச் சூனியக்காரி என்றால் அடிக்க ஓடுகிற புருஷன்கள் உண்டு. இவன் அப்படிச் சொன்னவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, உட்காரவைத்து, தன் கால் கதையைச் சொல்வான்.

கால் கதை இதுதான். அப்போது அவனுக்கு வெளிநாட்டில் ஒரு நாற்காலிக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே "நீங்க போக மாட்டீங்க" என்றாள். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தான், மாடிவீட்டுக்காரி சோப்புத் தண்ணியைக் கொட்டி வைத்திருந்தாள், அந்தப் பாவி. இவன் சறுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்ததில் கணுக்கால் நொறுங்கிவிட்டது. வேலை வேறொருத்தனுக்குப் போனது. பிறகுதான் தெரிந்தது அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்ட விஷயம். போனவர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். "என் பொண்டாட்டி நாக்கு என்னைக் காப்பாத்துச்சு சார்" என்று முடிப்பான். இன்றைக்கும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான். எவனாவது அந்தக் காலைப் பார்த்தால் போதும், கதை ஆரம்பித்துவிடும். கடைசியில் கட்டாயம் ஒரு வரி இருக்கும். "இதெல்லாம் படிச்சு வர்றது இல்ல சார். ரத்தத்துல வரணும்." பட்டறையில் அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் மிளகு நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து போல்ட் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லபடியாக இருந்த கையால்தான் பிடித்தாள்.

"உன் பொண்டாட்டி சொன்னா பொருள்தான்டா போகும். இது மனுஷங்களைச் சாய்க்குது. கத்துக்கிட்டதுன்னா மறக்கடிக்கலாம். பொறக்கும்போதே கூட வந்ததை என்ன பண்ணுவே? வெட்டியா எடுக்க முடியும்? அந்தப் புள்ளையை இங்க கூட்டிட்டு வந்துடாதேடா, எனக்குப் பயமா இருக்கு."

அக்கா அவனைத் தூக்கி வளர்த்தவள். எதற்கும் பயப்படாதவள். அவள் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் பயந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அதற்குள் எதிர்வீட்டுக்காரி தன் பங்குக்கு ஊரெல்லாம் பரப்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மிளகின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை இன்று காலையில் இடம் மாற்றிவிட்டார்களாம். அக்கா கேட்டது அவன் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கூடப் பிறந்ததென்றால் என்ன செய்வது? மகளை யாரிடம் கூட்டிக்கொண்டு போவது, என்னவென்று சொல்வது?

அதனால்தான் அக்காவிடம் சாவி வாங்கிக்கொண்டு, தன் குற்றத்தைத் தேடி அவன் இங்கே வந்தான். வந்த இடத்தில் இந்தச் சுத்தமான ஓட்டைகள்.

போல்ட்டுகள் தரையில் எங்காவது கிடக்கும் என்று மண்டியிட்டுத் தேடினான். மெஷினுக்கு அடியில் இல்லை. துணி மூட்டைக்குப் பின்னால் இல்லை. எழுந்து ஜன்னல் திட்டில் கைவைத்தபோது அங்கே இருந்தன. துணியில் கோடு போடும் சாக்குக் கட்டிகளுக்குப் பக்கத்தில், இரண்டும் ஜோடியாக, தலை கீழேயும் மரை மேலேயுமாக நின்றன. அதனதன் வாஷர் அதனதன் கழுத்தில் திரும்ப மாட்டப்பட்டிருந்தது.

கழற்றின போல்ட்டைப் படுக்க வைக்காதே, உருண்டு ஓடிவிடும், தலைகீழாக நிறுத்து, வாஷரைத் திரும்ப அதிலேயே போட்டு வை. இப்படிச் செய்கிறவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருத்தன் அவன். இன்னொருத்திக்கு அவனேதான் மடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னான். காலி வீட்டில் அந்தச் சத்தம் அவனுக்கே யாரோ கூப்பிட்ட மாதிரி கேட்டது.

பள்ளிக்கூடம் விட்டு மிளகு நேராகப் பட்டறைக்குத்தான் வருவாள். நீளமான, குறுகலான அறை. ஒரு பக்கம் சக்கரக் கால்கள் குவிந்திருக்கும், இன்னொரு பக்கம் முதுகு இல்லாத இருக்கைகளும் இருக்கை இல்லாத முதுகுகளும். அவள் பையை ஆணியில் மாட்டினாள், போல்ட் பொறுக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு தன் முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் அந்த இரண்டு போல்ட்டுகளையும் அவளுக்கு முன்னால் வைத்தான். அவள் பயப்படுவாள், மழுப்புவாள், குறைந்தபட்சம் முகமாவது மாறும் என்று எதிர்பார்த்தான்.

"அட, எங்க வெச்சேன்னு மறந்தே போச்சுப்பா" என்றாள் மிளகு.

"நீயா கழட்டினே?"

"ஆமா. அத்தைக்கு ஊசி கோத்துக் குடுக்கப் போனேன்ல. அவங்க டீ போட உள்ள போனாங்க, அப்போ."

"ஏன்டி? ஏன் கழட்டினே?"

"நான்தான் சொல்லிட்டேனே, விழுவீங்கன்னு." அவன் ஏன் இதையெல்லாம் கேட்கிறான் என்பதுபோல அவள் பார்த்தாள். "சொன்னா நடக்கணும்ல?"

"அது தானா நடக்கணும்டி!"

"தானா எப்படிப்பா நடக்கும்?"

கூட்டம் கூட்டி வருஷக்கணக்காகப் பேசியவன் ஒரு போல்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மிளகு காந்தத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னாள். அவளும் தானாக நடக்கும் என்றுதான் முதலில் நினைத்தாளாம். மழை வரும் என்று சொல்லிப் பார்த்தாளாம், வரவில்லை. டீச்சர் நாளைக்கு வர மாட்டாங்க என்று வகுப்பில் சொன்னாளாம், டீச்சர் அன்றைக்கென்று சீக்கிரமாக வந்துவிட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். "எனக்கு ரத்தத்துல வரலையோன்னு பயமா இருந்துச்சுப்பா. நான் உங்க பொண்ணே இல்லையோன்னுகூட நினைச்சேன். அப்புறம்தான் அம்மாவைப் பாத்தேன்."

"அம்மாவை என்ன பாத்தே?"

"அம்மா வேலை பண்றதை. கடிகாரம் நிக்கப்போகுதுன்னு சொன்னாங்கள்ல, அன்னைக்கு நல்ல பேட்டரியை எடுத்துட்டுப் பழசைப் போட்டாங்க. டம்ளர் விளிம்புல கத்தியால லேசா ஒரு தட்டு தட்டி வெச்சாங்க. மாமா வண்டியில ஒரு குழாயைக் கழட்டி விட்டாங்க." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை, பெருமைதான் இருந்தது. "சூனியம் வெக்கிறதுன்னா அப்படித்தான்னு தெரிஞ்சுக்கிட்டேன். அம்மாகிட்ட கேக்கல. யாரும் சொல்லித் தரக் கூடாது, நாமளே பாத்துத் தெரிஞ்சுக்கணும். அதுதானே ரத்தத்துல வர்றது?"

அவன் பக்கத்தில் இருந்த இருக்கை இல்லாத முதுகு ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தைக்கு ரொம்ப அடியாப்பா?" என்றாள் மிளகு சட்டென்று. "மெத்துனு விழுவாங்கன்னுதான் பின்னாடி துணி மூட்டையை இழுத்துப் போட்டேன். அத்தை அதை நகர்த்திட்டாங்க போல. நான் என்ன பண்ணுவேன்?" உதடு பிதுங்கியது. அதுவரை கெட்டியாக இருந்த பிள்ளை அவன் முகத்தைப் பார்த்ததும் உடைந்து ஓவென்று அழுதாள். அவன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். மகளுக்கு ஒன்றும் கூடப் பிறந்து வரவில்லை என்று அறிந்ததில் சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு மூலையில் தோன்றியது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் சோப்புத் தண்ணி ஞாபகம் வந்தது.

மாடிவீட்டுக்காரி வீடு காலி பண்ணிக்கொண்டு போகிற நாள் வரைக்கும் சத்தியம் செய்தாள், நான் ஊற்றவில்லை அண்ணா, நான் ஏன் விடியற்காலையில் படி கழுவப்போகிறேன் என்று. அவன் அவளோடு பேசவே இல்லை. கதையில் அவளுக்குப் பாவி என்று பெயரே வைத்துவிட்டான். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான்! ஒவ்வொரு முறையும் அந்தச் சோப்புத் தண்ணியைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட, அவனுக்குக்கூட, இது உறைக்கவில்லை.

மிளகின் முகத்தைக் கழுவிவிட்டு, பட்டறையைப் பூட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனான். அவன் மனைவி வேலை செய்யும் அறை மாடியில் இருந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. கீழே நடைமேடைகள் அத்தனையும் தெரியும். ஒரு மேஜை, மைக், அதன் அடியில் ஒரு சிவப்பு ஸ்விட்ச், நடைமேடை மேற்பார்வையாளர் கூப்பிடும் தொலைபேசி. அவள் அறிவிக்காமல் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மிளகைக் கதவோரப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவன் மேஜைக்கு அருகே போய், சட்டைப் பையிலிருந்த போல்ட்டுகளை எடுத்து வைத்தான். அவள் போல்ட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா நாற்காலியில இருந்தது. மிளகு கழட்டியிருக்கா."

"இல்ல" என்றாள் அவள். முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது. "இருக்காதுங்க. அவளுக்கு நெஜமாவே வருதுன்னு நினைச்சேன்."

"நெஜமாவேன்னா? அப்போ உனக்கு?"

தொலைபேசி மணி அடித்தது. அவள் எடுத்துக் கேட்டாள், சரி என்றாள், ஸ்விட்சை அழுத்தினாள். "பயணிகளின் கவனத்திற்கு. இரண்டாம் நடைமேடையில் நிற்கும் ஒன்பதாம் எண் வண்டி இப்பொழுது புறப்படுகிறது." குரலில் ஒரு பிசிறு இல்லை. இவ்வளவு வருஷம் ஒரே தலையணையில் தூங்கியவளால், உள்ளே இப்படி ஆடிப்போன நேரத்தில் வெளியே இப்படி ஒரு குரலை எடுக்க முடிகிறது.

ஸ்விட்சை அணைத்தாள். அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"எங்கம்மாவுக்கு நெஜமா வரும். எனக்கு வரலைங்க. சின்ன வயசுல ஒண்ணு ரெண்டு தானா நடந்துச்சு. அம்மா மாதிரியேன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் நான் ஏதாவது சொன்னா, நடக்குதான்னு வீடே காத்துக்கிட்டு இருக்கும். நடக்கலைன்னா அவங்க மூஞ்சியெல்லாம் தொங்கிப் போயிடும். பாவமா இருக்கும். அதான், கொஞ்சம் கையால..."

"என் காலு?"

அவள் மேஜையிலிருந்த போல்ட்டுகளைக் கையால் மூடினாள்.

"என் காலுடி!"

"அடிபடணும்னு ஊத்தல. சறுக்கி உக்காருவீங்க, வண்டி போயிடும், அவ்வளவுதான் நினைச்சேன்." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கடகடவென்று இறங்கியது. "நீங்க போயிருந்தா திரும்பி வந்திருக்க மாட்டீங்க. சொல்லிடணும்னுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வந்து பாத்தா நீங்க பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட என் நாக்கைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க தெரியுமா? அதுக்கு முன்னாடி உங்க வீட்டுல யாரும் என்னை ஒரு ஆளாக்கூட மதிச்சதில்ல. அப்புறம் எப்படிங்க நான் வாயைத் திறப்பேன்?"

கத்த வேண்டும்போல இருந்தது. மேஜையில் இருப்பதையெல்லாம் வாரி இறைக்க வேண்டும்போல இருந்தது. அதைவிட மோசமாக, அந்தப் பக்கத்துக் கட்டில்காரரின் முகம் ஞாபகம் வந்தது. அவர் வாயைப் பிளந்து கேட்டதும், இவன் வலியையே மறந்து ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை சொன்னதும் ஞாபகம் வந்தது. அவள் செய்தது ஒரு வாளித் தண்ணி. மற்றதையெல்லாம் ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போனவன் அவன். வெட்கத்தில் அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை, ஆனால் கோபமும் போகவில்லை.

"அம்மா." மிளகு எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. மேஜையோரம் நின்றாள். "பாட்டி பண்றப்போ நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாட்டி ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா" என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பாட்டி நெஜம். சொல்லுவாங்க, அவ்வளவுதான். சொல்லிட்டா அன்னைக்கு ராத்திரி அவங்களுக்குத் தூக்கமே வராது. நாங்கெல்லாம் படுத்த பின்னாடியும் இருட்டுல நடந்துக்கிட்டே இருப்பாங்க. கதவு திறக்குற சத்தம் கேக்கும். சக்தி இருக்கிறவங்களுக்கு உடம்பு அடங்காது, எழுந்து பாக்காதீங்கன்னு அப்பா சொல்லுவாரு. விடியறப்போ வந்து கை கால் கழுவிட்டு..."

நிறுத்திவிட்டாள்.

அவனும் மிளகும் அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. கை மெல்ல எழுந்து வந்து அதை மூடியது.

"அம்மா?" என்றாள் மிளகு.

தொலைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவன் எடுத்தான். "என்னம்மா, அஞ்சாம் நடைமேடையில பதினாலு நிக்குது, சொல்லும்மா" என்று மேற்பார்வையாளர் கத்தினார். அவன் வைத்துவிட்டு அவள் தோளைத் தொட்டான். "ஏய். வண்டி நிக்குதாம்." அவள் மைக்குக்கு அருகே குனிந்தாள். உதடு அசைந்தது. மூச்சுதான் வந்தது. மறுபடி முயன்றாள். அதுவும் இல்லை. எத்தனையோ வருஷமாக ஒரு பிசிறு இல்லாமல் பேசிய வாய், தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி திறந்து திறந்து மூடியது. அவனுக்குப் பயமாகிவிட்டது. தண்ணீர் கொடுக்கலாமா, யாரையாவது கூப்பிடலாமா என்று கதவுப் பக்கம் திரும்பினான்.

பின்னால் ஸ்விட்ச் விழும் சத்தம் கேட்டது.

"பயணிகளின் கவனத்திற்கு."

அவன் திரும்பினான். மனைவியின் குரல்தான். அதே இழுப்பு, அதே நிதானம், கடைசி எழுத்தில் அதே மெல்லிய இறக்கம். ஆனால் அவள் மறுபடி வாயைக் கையால் மூடியிருந்தாள். மிளகு முழங்கால் இரண்டையும் அம்மாவின் நாற்காலி விளிம்பில் ஊன்றி, மைக்கைத் தன் பக்கம் வளைத்து, கண்ணைக் கீழே நடைமேடைமேல் வைத்திருந்தாள்.

"ஐந்தாம் நடைமேடையில் நிற்கும் பதினான்காம் எண் வண்டி இப்பொழுது புறப்படுகிறது."

கீழே ஆட்கள் எழுந்தார்கள். பையை எடுத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கினார்கள், டீயை அவசரமாக வாயில் ஊற்றிக்கொண்டு ஓடினார்கள். பேசியது யார் என்று ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்தாம் நடைமேடையில் அந்தப் பெரிய வண்டி ஒரு தடவை குலுங்கியது, மெதுவாகப் பின்னால் நகர்ந்தது, வளைந்தது, வாசலைத் தாண்டிச் சாலையில் கலந்தது. மிளகு வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சொன்ன மாத்திரத்தில் நடந்துவிட்டது என்று அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவன் உறைந்துபோனான்.

ஸ்விட்ச் இன்னும் போட்டபடியே இருந்தது. அதன்மேல் மிளகின் விரல் இருந்தது. அவன் மனைவியின் கை மெதுவாக நீண்டு வந்து அந்த விரலின்மேல் நின்றது, இழுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. கீழே ஆறாம் நடைமேடையில், அடுத்த வண்டியின் ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தன் எண்ணுக்காகக் காத்து, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.